அல்கலாய்டு உண்டு

அவர் பேரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பேரை எத்தனையோ லேபிளில் என் கையாலேயே அச்சுக் கோத்திருக்கிறேன், அது போதும். தென்காசியில் அவருக்குச் சோதனைக்கார ஐயா என்று பேர். தேன், நெய், நல்லெண்ணெய், மலையிலிருந்து இறங்குகிற பட்டை, வேர் என்று எதிலாவது கலப்படம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், வியாபாரிகள் அதில் கொஞ்சம் சீசாவில் போட்டுக்கொண்டு அவரிடம் போவார்கள். பட்டணத்தில் ரசாயனம் படித்தவர். ஒற்றை அறை, தெற்கே பார்த்த ஒரு ஜன்னல், கண்ணாடிக் குழாய்கள், ஒரு ஸ்பிரிட் விளக்கு. அங்கிருந்து நாலு வீடு தள்ளி என் அச்சாபீஸ்.

பதினைந்து வருஷம் பழகினோம். அவரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்தவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கடைசியில் மனம் இளகி, அவரும் ஒரு விதத்தில் நல்லவர்தான் என்று முடிக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அந்த வழக்கம் கிடையாது. என் தங்கச்சி கோமதி செத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. எனக்கும் உண்டு. அதைத்தான் எழுதப்போகிறேன்.

ஆள் பார்க்க ஒன்றும் இல்லை. ஒல்லி உடம்பு, வெளுத்துப்போன ஒரு கோட்டு, திராவகம் பட்டு மஞ்சளாகிப்போன விரல் நுனிகள். பேசும்போது எதிராளியின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். கேள்வி முழுசாக வந்து முடிகிறவரை பொறுத்திருப்பார். பிறகு அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். அதற்குமேல் ஒரு சொல் வராது.

ஒருநாள் ரயிலடியில் அவர் நின்றுகொண்டிருக்கிறார். நான் மூச்சிரைக்க ஓடிப்போய், "செங்கோட்டை வண்டி வந்துட்டா?" என்று கேட்டேன். "வரலை" என்றார். நானும் அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் பக்கத்திலேயே அவரும் உட்கார்ந்திருந்தார், என் கடலையில் பாதியைத் தின்றார். அப்புறம் போர்ட்டர் வந்து, மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறது, இன்றைக்கு வண்டியே கிடையாது என்றான். நான் இவரைப் பார்த்தேன். "ஒமக்குத் தெரியுமாவே?" என்றேன். "தெரியும். வந்துட்டான்னுதான கேட்டீரு. வருமான்னு கேக்கலையே" என்றார். அவர் வேறு யாருக்கோ பார்சல் அனுப்ப வந்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மிச்சக் கடலையை அவர் கைக்கு எட்டாமல் மடியில் கட்டிக்கொண்டேன்.

அவர் வீட்டம்மா இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தாள். "அவுகட்ட ஒரு சங்கதி வாங்கணும்னா மூணு கேள்வி கேக்கணும் அண்ணாச்சி. மொதக் கேள்விக்குக் கால்வாசி வரும். ரெண்டாவதுக்குப் பாதி வரும். மூணாவது கேள்வி என்னன்னு நமக்கே தெரியாது. அதுலதான் சங்கதியே இருக்கும்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

தேன் கதையை ஊரே சொல்லிச் சிரிக்கும். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு மலைத்தேன் வாங்கியிருந்தார்கள். அந்த வீட்டுக் காரியஸ்தர் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்து, "இதுல வெல்லப்பாகு கலந்திருக்கா?" என்று கேட்டார். இவர் ஏதேதோ செய்து பார்த்துவிட்டு, "கலக்கல" என்று எழுதிக் கொடுத்தார். கல்யாணத்தன்று தேன் தின்றவர்கள் எல்லாம் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். ஈயம் பூசாத செப்புப் பானையில் நாள்கணக்கில் கிடந்த தேன், களிம்பு இறங்கியிருந்திருக்கிறது. காரியஸ்தர் கம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இவர் அசையவே இல்லை. "பாகு கலந்திருக்கான்னு கேட்டீக. கலக்கல. களிம்பு இருக்கான்னு கேக்கலையே" என்றார். "தெரியுமா ஒமக்கு?" "தெரியும்." காரியஸ்தர் கம்பை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். கூட்டத்தோடு நின்று நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். யாரும் சாகவில்லை என்பதால் சிரிக்க முடிந்தது.

ஏன் இப்படி என்று ஒருதடவை கேட்டேன். கேட்டதால் சொன்னார். சிறுவயதில் பட்டணத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலையாம். ஒரு எண்ணெயின் கனத்தை அளந்து சொல்லச் சொன்னார்களாம். இவர் கனத்தையும் சொல்லி, இதில் மண்ணெண்ணெய் வாடை வருகிறது என்றும் சொல்லியிருக்கிறார். அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "கேக்காததச் சொல்லி ஒரு தடவ சோத்த எழந்தேன். அது போதும்வே" என்றார். அன்று எனக்கு அவர் மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. ஒருதடவை சுட்டதற்காக ஆயுசு முழுக்க அடுப்பே மூட்டாத மனிதன் என்று இப்போது தோன்றுகிறது.

சொல் விஷயத்தில் அவர் இன்னும் மோசம். அவருடைய லேபிள்கள் எல்லாம் என்னிடம்தான் அச்சாகும். புரூப் பார்க்க அவரே வருவார். ஒரு சொல் தப்பாக இருந்தால் வரி முழுக்கப் பிரித்துக் கோக்கவைப்பார். அவருடையது என்றில்லை, மேஜையில் கிடக்கிற மற்றவர்களின் புரூப்பையும் எடுத்துப் பார்ப்பார். எழுதியிருப்பதை மட்டும்தான் திருத்துவார். எழுதாமல் விட்டதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். ஒருமுறை ஒரு வைத்தியர் நிலவேம்புக் கஷாயத்துக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருந்தார். 'அல்கலாய்டு சத்து நிறைந்தது' என்று ஒரு வரி. எங்கேயோ இங்கிலீஷ் பத்திரிகையில் அந்தச் சொல்லைப் பார்த்திருப்பார் போல. சோதனைக்கார ஐயா அதைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. வைத்தியர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"நிலவேம்புல அல்கலாய்டு இல்ல" என்றார்.

"நாக்குல வச்சுப் பாரும். கசக்குதுல்லா?" என்றார் வைத்தியர்.

"கசக்கும். கசக்கதெல்லாம் அல்கலாய்டு இல்ல."

வைத்தியர் நகரவில்லை. இவரும் விடவில்லை. நிலவேம்பைக் கொண்டுவரச் சொல்லி, கண் முன்னாலேயே அதைத் திராவகத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, ஏதோ ஒரு பாதரசக் கரைசலில் நாலு சொட்டு விட்டுக் காட்டினார். குழாயில் ஒன்றும் ஆகவில்லை. தெளிந்த தண்ணீராகவே இருந்தது. பிறகு புகையிலைத் துணுக்கு ஒன்றை அதேபோல் செய்து, அதே நாலு சொட்டு விட்டார். மோர் திரிந்தமாதிரி வெள்ளையாக எழும்பியது. "இது அல்கலாய்டு. அது இல்ல. வரிய மாத்தும்" என்றார். வைத்தியர் நோட்டீஸையே எடுத்துக்கொண்டு போய் வேறு ஊரில் அடித்தார். எனக்கு ஒரு வாடிக்கை போயிற்று. அவருக்கு இருந்த ஒரே சீட்டாட்டக் கூட்டாளி போனார்.

அல்கலாய்டு என்றால் என்னவே என்று அன்று கேட்டேன். நான் அச்சடிக்கிற சொல் எனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு உண்டு. அவர் பொறுமையாகச் சொன்னார். செடி கொடிகள் தங்கள் பட்டையிலும் வேரிலும் விதையிலும் சேர்த்துவைக்கிற ஒரு வகைப் பொருள். அதில் நைட்ரஜன் இருக்கும். காரம் மாதிரி நடந்துகொள்ளும்; திராவகத்தோடு சேர்த்தால் உப்பாக மாறும். அநேகமாகக் கசக்கும். துளி போதும், உடம்பில் வேலையைக் காட்டிவிடும். காப்பிக் கொட்டையில் ஒன்று, புகையிலையில் ஒன்று, அபினில் சில, எட்டிக்கொட்டையில் ஆளைக் கொல்கிற ஒன்று. சிங்கோனாப் பட்டையில் காய்ச்சலைக் கொல்கிற ஒன்று, அதுதான் கொயினா.

தமிழில் கசப்புச் சத்து என்று போடலாமே என்றேன். "கசப்பு நாக்கு சொல்லுதது. இது குழாய் சொல்லுதது. ரெண்டையும் ஒண்ணாப் போடாதீரும்" என்றார்.

அப்புறம் ஒரு வேடிக்கை காட்டினார். ஒரு கொயினா மாத்திரையை நுணுக்கித் திராவகத் தண்ணீரில் கரைத்து, குழாயை ஜன்னல் வெயிலில் பிடித்தார். தெளிந்த தண்ணீரின் மேல்பக்கம் நீலமாக ஒளிர்ந்தது. "அல்கலாய்டு எல்லாத்துக்கும் இந்த நீலம் வருமா?" என்று கேட்டேன். "வராது. கொயினாவுக்கு வரும்" என்றார். அழகாக இருந்தது. அந்த நீலத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோமதியைப் புளியறையில் கட்டிக்கொடுத்திருந்தோம். மலையடிவாரம். அப்போது அது திருவிதாங்கூர் ராஜ்யம். மாப்பிள்ளைக்குக் காட்டிலிருந்து மரத்தடி இறக்குகிற வண்டி இரண்டு ஓடியது. நல்ல மனிதர். ஊர்தான் பொல்லாத ஊர்; வருஷம் தவறாமல் மலைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் மத்தியானம் குளிர் ஆரம்பிக்கும், நாலு கம்பளி போட்டாலும் கட்டில் ஆடும். கோமதிக்குக் கொயினா என்றாலே ஆகாது. வெல்லத்துக்குள் வைத்துக் கொடுத்தால் வெல்லத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிற கழுதை அவள். "ஏட்டி, முழுங்குட்டி" என்று நான் தலையில் குட்டினால், "கசக்குதுண்ணே, நீ முழுங்கு" என்பாள். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் கொயினாதான் அவளைத் தூக்கி நிறுத்தியது.

யுத்தம் வந்தது. சப்பான்காரன் ஜாவாவைப் பிடித்தான். உலகத்துக் கொயினா எல்லாம் அங்கிருந்துதான் வந்ததாம். அது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். கடைகளில் மாத்திரை மறைந்தது. கிடைத்தது எல்லாம் மாவு, சுண்ணாம்பு. சனங்கள் வாங்குமுன் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார்கள். கசந்தால் கொயினா, கசக்காவிட்டால் போலி. எங்கள் பக்கத்தில் அதுதான் சோதனை. செங்கோட்டை ஆஸ்பத்திரியில் மட்டும், நேரில் வந்து நிற்கிற நோயாளிக்கு ஆளுக்கு இத்தனை என்று அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் குற்றாலத்துக்காரர் என் அச்சாபீஸுக்கு வந்தார். மலைச்சரக்கு வியாபாரி. அருவிக்குப் போகிற வழியில் கடை. சாரல் சீசனில் தேன் சீசாவுக்கு லேபிள் அடிக்க வருவார். அன்று லேபிளைப் பேசி முடித்துவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"கொயினாங்காகளே அண்ணாச்சி, அதும் ஒரு மரப்பட்டைதான? நம்ம மலையில இல்லாத பட்டையா?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தெரிந்ததைக் காட்டிக்கொள்வதில் எனக்கு எப்போதும் ஒரு அரிப்பு. "பட்டைல இருக்கத பட்டைன்னு சொல்லப்பிடாதுவே. அந்தச் சாதிக்கே அல்கலாய்டுன்னு பேரு. அதுல கொயினா ஒண்ணு. நம்ம காட்டு மரத்துலயும் சிலதுல அல்கலாய்டு இருக்கும். சோதனைக்கார ஐயா குழாய்ல விட்டாருன்னா மோரு மாதிரி திரியும், அப்படியே சொல்லிருவாரு" என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.

"அந்தப் பேர ஒரு துண்டுல எழுதித் தாருமே. வாயில நிக்க மாட்டங்கு" என்றார்.

ஒரு புரூப் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். குண்டு குண்டாக, அழகாக எழுதினேன். என் கையெழுத்துக்கு ஊரில் நல்ல பேர்.

பத்து நாளில் திரும்பி வந்தார். ஏழிலைப்பாலைப் பட்டையை இடித்துச் சலித்து மாத்திரை பிடித்திருந்தார். பள்ளிக்கூடத்துப் பலகைக்கு அறுப்பார்களே, அந்த மரம். சோதனைக்கார ஐயா எழுதிக் கொடுத்த சீட்டும் கையில் இருந்தது. ஒரே வரி: 'இந்த மாத்திரையில் அல்கலாய்டு உண்டு.' கீழே கையெழுத்து. எனக்கு ஒரே சந்தோஷம். நிலவேம்புக்கு அந்தச் சொல்லைத் தர மாட்டேன் என்று கூட்டாளியையே இழந்த மனுஷன், இதற்குத் தந்திருக்கிறார் என்றால் சும்மாவா? வேறு எந்தக் கேள்வியும் எனக்குத் தோன்றவில்லை. 'மலைக்காய்ச்சல் மாத்திரை. அல்கலாய்டு நிறைந்தது' என்று பெரிய எழுத்தில் லேபிளைக் கோத்தேன்.

புரூப் பார்க்க அவர் வந்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். 'நிறைந்தது' என்பதை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதினார். மேலே இருந்த 'மலைக்காய்ச்சல் மாத்திரை' என்ற வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது அவரு வார்த்த. எனக்குச் சம்பந்தமில்ல" என்றார். வழக்கமாகத் திருத்தியதும் தாளைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். அன்று போகவில்லை. மேஜை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதப் பத்தி ஒமக்கு ஏதும் கேக்கணுமாவே?" என்றார்.

பதினைந்து வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் மை உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு என்னவே தெரியாது? அல்கலாய்டுக்கு நீரு சொன்ன பாடம் அம்புட்டும் மனசுல இருக்கு" என்று சிரித்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாவது கேள்வி ஒன்று கேட்டிருந்தால் போதும். கொயினா இருக்கா? அவ்வளவுதான். இரண்டே சொல். அந்த நீல வெளிச்சத்தை என் கண்ணால் பார்த்தவன் நான். ஜன்னலில் பிடித்துப் பார்த்தீரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

லேபிள் அச்சாகி ஈரம் காயுமுன்னே புளியறையிலிருந்து ஆள் வந்தது. கோமதிக்குக் காய்ச்சல். இந்தத் தடவை கடுமை. மாப்பிள்ளை வண்டி கட்டி அவளைச் செங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறார், அண்ணன் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டு அனுப்பியிருந்தார். இரண்டு நாள் குளிர்க்காய்ச்சலில் கிடக்கிறவளை வண்டியில் போட்டுக் குலுக்கி, அங்கே போய் மழையில் வரிசையில் நிற்கவைப்பதா? நான் குற்றாலத்துக்காரரிடம் மூன்று டப்பா வாங்கி, கூட ஒரு கடுதாசியும் எழுதி அனுப்பினேன். 'ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம். இது நம்ம சோதனைக்கார ஐயா பார்த்துச் சொன்ன மருந்து. நான் அச்சடித்தது. நம்பிக் கொடுக்கவும்.' இப்படி எழுதினேன். எழுத்து மாறாமல் இப்படித்தான் எழுதினேன்.

ஆறாவது நாள் கோமதியிடமிருந்து பதில் வந்தது. வரிகள் கோணிக் கிடந்தன. 'அண்ணே, மாத்திரை ரொம்பக் கசக்குது. துப்பாமல் முழுங்குகிறேன். இவ்வளவு கசப்பதால் நல்ல மருந்தாகத்தான் இருக்கும். குளிர் இன்னும் நிற்கவில்லை. நிற்கும்.' அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். கழுதைக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

பத்தாவது நாள் மாப்பிள்ளையே வந்தார். அச்சாபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். "ரெண்டு நாளா பினாத்திக்கிட்டே கெடந்தா மச்சான். ஆளு தெரியல. இன்னைக்கு வெள்ளன போயிட்டா" என்றார். பிறகு, என்னைக் குற்றம் சொல்கிற தொனி துளிக்கூட இல்லாமல், "மாத்திர ஒண்ணுகூட விடாம குடுத்தேன்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காரியங்கள் முடிந்து தென்காசி திரும்பியதும் நேரே அவர் அறைக்குப் போனேன். மத்தியான நேரம். ஏதோ எண்ணெயை அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அந்த மாத்திரையில கொயினா இருந்துச்சா?" என்றேன்.

"இல்ல."

"அப்ப என்னத்தவே இருக்குன்னு எழுதிக் குடுத்தீரு?"

"அல்கலாய்டு. ஏழிலைப்பாலையிலயும் ஒண்ணு உண்டு. அது வேற. அதுக்கு மலைக்காய்ச்சல் கேக்காது."

"அது ஒமக்கு அப்பமே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்தீரு?"

"அந்த ஆளு மொதல்ல வந்து, 'இதுல கொயினா இருக்கா'ன்னு கேட்டாரு. இல்லன்னேன். போயிட்டாரு. மறுவாரம் வந்து, 'இதுல அல்கலாய்டு இருக்கா'ன்னு கேட்டாரு. இருக்குன்னேன். எழுதித் தாரும்னாரு. எழுதிக் குடுத்தேன். நீரு ஒண்ணும் கேக்கல. கேக்கணுமான்னு நானே கேட்டேன்."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு, நான் முடிக்கக் காத்திருந்தார். அதுதான் எனக்கு இன்னும் வெறியை ஏற்றியது.

"மொத வாரம் கொயினான்னு கேட்டவனுக்கு மறுவாரம் அல்கலாய்டுன்னு கேக்க எப்படிவே தெரிஞ்சுது? அந்த வார்த்தைய அவனுக்கு யாரு சொல்லிக்குடுத்தா? நீருதான?"

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாள் துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதப் பாத்துத்தான் வாசிச்சாரு. இங்கனயே விட்டுட்டுப் போயிட்டாரு" என்றார்.

குண்டு குண்டான எழுத்து. திருப்பிப் பார்த்தால் ஏதோ கல்யாணப் பத்திரிகையின் பாதி புரூப். நான் கேட்காமல் இருந்திருந்தால் அந்தத் துண்டை அவர் சாகும்வரை எனக்குக் காட்டியிருக்க மாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் படியை நான் மிதிக்கவில்லை.

குற்றாலத்துக்காரரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மறு சீசனுக்கு மாடி கட்டினார். 'கொயினான்னு நான் எங்கயாவது போட்டிருக்கேனா?' என்று கேட்டாராம். போடவில்லைதான். அச்சடித்தவன் எனக்குத் தெரியாதா?

சோதனைக்கார ஐயா அதற்குப் பிறகு ஐந்தாறு வருஷம் இருந்தார். லேபிளுக்கு வேறு அச்சகம் பார்த்துக்கொண்டார். தெருவில் எதிரே வந்தால் நின்று என் வாயைப் பார்ப்பார், நான் ஏதாவது கேட்பேனோ என்று. நான் கேட்டதில்லை. ஒரு சொல்கூடக் கொடுக்காமல் அவரைத் தாண்டிப் போவதில் எனக்கு ஒரு குரூர திருப்தி இருந்தது. அதை மறைப்பானேன்.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவர் வீட்டம்மா அச்சாபீஸுக்கு வந்தாள். அவர் போன செய்தி எனக்குத் தெரியும். துஷ்டிக்கு நான் போகவில்லை. கருமாதிப் பத்திரிகைக்கான வாசகத்தை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நான் வேலை இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? வாங்கிப் படித்தேன். இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"மதினி, ஒண்ணு கேக்கேன். கோமதி விஷயத்துல அவரு என்னைக்காவது வருத்தப்பட்டாரா?"

அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"தெரியாது அண்ணாச்சி. நான் கேக்கல."

"முப்பது வருசம் ஒரே வீட்டுல இருந்துட்டு இத ஒரு வார்த்த கேக்கலையா? மூணு கேள்வி கேக்கணும்னு நீங்கதான சொல்லுவீக?"

"கேட்டா உள்ளதச் சொல்லிருவாகல்லா" என்றாள். "இல்லன்னு சொல்லிட்டாகன்னா, அப்புறம் நான் எப்படி அண்ணாச்சி அந்த மனுசனுக்குச் சோறு போட?"

நான் அவள் கொடுத்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்துக் கோக்க உட்கார்ந்தேன்.